விண்டோஸ் டிஸ்க்கை லினக்ஸில் திறப்பது எப்படி? கணக்கு கைவிட்டுப் போகாமல் மாறும் வழி



நம் கடைகளில் பில் போடவும், இருப்புப் பார்க்கவும், பற்று வரவு எழுதவும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களில் பல விண்டோஸ் 10 கொண்டவை. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றை ஏற்பதில்லை. ஓடுகிற கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமில்லாத வியாபாரிகள் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். உபுண்டு, லினக்ஸ் மின்ட், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் என்று அதில் பல வகைகள் உண்டு. காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டியதில்லை.

மாறுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "பழைய டிஸ்க்கில் இருக்கும் கணக்கு என்ன ஆகும்? விண்டோஸில் எழுதியதை லினக்ஸ் திறக்குமா?"

திறக்கும். பெரும்பாலும் எந்தச் சிரமமும் இல்லாமல் திறக்கும். ஆனால் ஒரு விதியை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். வேறு முறையில் எழுதிய டிஸ்க்கைப் படிப்பதில் பயமில்லை. அதில் எழுதுவதில்தான் நிதானம் வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு விதியின் விளக்கமே.

ஏன் இவ்வளவு அக்கறை?

பழைய கணக்கு என்பது வெறும் நினைவுக்காக வைத்திருப்பதல்ல. 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டம், பிரிவு 36-இன்படி, கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். 2023-24 நிதியாண்டுக்கு அந்தத் தேதி 2024 டிசம்பர் 31. ஆகவே அந்த ஆண்டுக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை கையில் இருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால் இன்னும் நீளலாம். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள், விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ அழிந்தால் மீட்கும்படி பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று விதி 57 சொல்கிறது. "கம்ப்யூட்டர் மாற்றினோம், கணக்கு போய்விட்டது" என்ற பதில் அதிகாரியிடம் செல்லாது. கடன் வாங்கிய வாடிக்கையாளரிடமும் செல்லாது.

டிஸ்க்கில் இருப்பது சரக்கு. மேலே இருப்பது பதிவேடு

நம் கிடங்கை எடுத்துக்கொள்வோம். துவரம்பருப்பு எந்த அடுக்கில், உளுந்து எந்த மூலையில், எத்தனை மூட்டை என்று ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கிறோம். கணக்குப்பிள்ளை தமக்குத் தெரிந்த குறியீட்டில் எழுதுகிறார். அவர் ஓய்வு பெற்றுப் புதியவர் வந்தால் சரக்கு எங்கும் போய்விடாது. பழைய பதிவேட்டைப் படிக்கத் தெரிந்திருந்தால் புதியவரும் சரியான மூட்டையை எடுத்துக் கொடுப்பார். தெரியாவிட்டால், கிடங்கு நிறையச் சரக்கு இருந்தும் அவருக்கு அது காலிக் கிடங்கு போலத்தான்.

ஹார்ட் டிஸ்க்கும் பென்டிரைவும் அப்படித்தான். இரும்பும் சிலிக்கானும் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமல்ல. எந்தப் பைல் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதி வைக்கும் பதிவேட்டு முறைதான் வேறுபடுகிறது. "பார்மட் செய்வது" என்றால் பழைய பதிவேட்டை அப்புறப்படுத்திவிட்டுப் புதிய வெற்றுப் பதிவேடு வைப்பது. அந்தச் சொல்லைக் கண்டாலே கை நிற்க வேண்டும்.

வழக்கில் உள்ள முறைகள்

பேட் 32: பழைய முறை. பென்டிரைவ்களிலும் மெமரி கார்டுகளிலும் இன்னும் காணலாம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் படிக்கும், எழுதும். குறை என்னவென்றால், 4 ஜிபிக்குப் பெரிய ஒரே பைலை அதில் வைக்க முடியாது. பெரிய பேக்கப் பைல் பாதியில் நின்றால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

என்டிஎப்எஸ்: 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்தது. விண்டோஸ் கம்ப்யூட்டரின் சி டிரைவ், டி டிரைவ் எல்லாம் இந்த முறைதான். இதன் உள்விவரம் முழுவதும் வெளியிடப்படாததால், பிறர் எழுதிய கணக்கைப் பார்த்துப் பார்த்து முறையைக் கண்டுபிடிப்பதுபோல லினக்ஸ் வல்லுநர்கள் உழைத்தே படிக்கக் கற்றார்கள். 2007-இல் என்டிஎப்எஸ்-3ஜி என்ற இலவச சாப்ட்வேரின் நிலையான பதிப்பு வந்தபின் எழுதுவதும் நம்பகமானது. 2021-இல் பாரகன் நிறுவனம் அளித்த என்டிஎப்எஸ்3 லினக்ஸ் 5.15-இல் உள்ளேயே சேர்க்கப்பட்டது.

எக்ஸ்பேட்: 4 ஜிபி தொல்லை இல்லாத பென்டிரைவ் முறை. இதன் விவரத்தை மைக்ரோசாப்ட் 2019 ஆகஸ்டில் பகிரங்கமாக வெளியிட்டது; அதே ஆண்டு லினக்ஸிலும் இடம்பெற்றது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் பொதுவாகப் பயன்படுத்த ஏற்றது.

இஎக்ஸ்டி4: லினக்ஸின் சொந்த முறை, 2008 முதல் நிலையாக இருக்கிறது. இந்த டிஸ்க்கை விண்டோஸிலோ மேக்கிலோ செருகினால் தானாகத் திறக்காது.

ஏபிஎப்எஸ்: ஆப்பிள் நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த முறை. லினக்ஸில் நேரடியாகத் திறக்காது. தனியாக ஒரு சாப்ட்வேர் ஏற்றிப் படிக்கலாம். மகனோ மகளோ மேக்கில் வேலை செய்து டிஸ்க் கொண்டுவந்தால், அந்த மேக்கிலேயே எக்ஸ்பேட் பென்டிரைவுக்குப் பிரதி எடுத்து வாங்கிக்கொள்வது சுலபம்.

டி டிரைவ் எங்கே போயிற்று?

லினக்ஸுக்கு வந்த முதல் நாளில் பலர் திகைப்பது இதற்குத்தான். விண்டோஸில் சி, டி, ஈ என்று எழுத்து உண்டு. லினக்ஸில் அந்த எழுத்துகள் இல்லை. பைல்களைக் காட்டும் ஜன்னலின் இடது ஓரத்தில், டிஸ்க்குக்கு நாம் வைத்த பெயரிலோ, பெயர் வைக்காவிட்டால் "500 ஜிபி வால்யூம்" என்பதுபோல அளவைக் கொண்டோ அது காட்சி தரும். அதைச் சொடுக்கினால் திறக்கும். இப்படி ஒரு டிஸ்க்கைச் சேர்த்துத் திறப்பதை 'மவுன்ட்' என்பார்கள்; கிடங்கின் கதவைத் திறந்து கடையோடு சேர்ப்பது என்று கொள்ளலாம்.

டெஸ்க்டாப்பிலிருந்து கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் சாட்டா - யுஎஸ்பி கேபிள் வாங்கிச் செருகலாம். லேப்டாப்பின் சிறிய டிஸ்க்குக்கு யுஎஸ்பி மின்சாரமே போதும். டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் உள்ள கேபிளாகப் பார்த்து வாங்க வேண்டும்.

"படிக்க மட்டும்" என்று வந்தால்

டிஸ்க் திறக்கிறது, பைல்கள் தெரிகின்றன, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை; அல்லது திறக்கவே மறுக்கிறது. இதைப் பழுது என்று எண்ணிச் சிலர் உடனே பார்மட் செய்யப் போகிறார்கள். அது பழுதல்ல, எச்சரிக்கை.

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி உண்டு. மறுநாள் சீக்கிரம் எழும்புவதற்காக, 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுவதுமாகக் கடையைக் கட்டுவதில்லை. வேலையின் ஒரு பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது. கணக்குப்பிள்ளை பேரேட்டை விரித்து வைத்து, சிட்டையில் உள்ளதைப் பாதி ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனது போன்ற நிலை. அந்த நேரத்தில் வேறொருவர் வந்து பேரேட்டில் எழுதினால் என்ன ஆகும்? திரும்பி வந்தவர் தம் போக்கில் எழுத, இரண்டும் கலந்து கணக்கே குழம்பும். அதனால்தான் லினக்ஸ் "பார்க்கலாம், எழுதக் கூடாது" என்கிறது.

இதற்கு வழி எளிது. அந்த விண்டோஸ் இன்னும் எழும்புமானால், அதைத் திறந்து, ஷிப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே 'ஷட் டவுன்' கொடுக்க வேண்டும். அப்போது முழுமையாக மூடும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் வைத்திருப்பவர்கள், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் பாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையே நிரந்தரமாக நிறுத்திவிடுவது நல்லது.

விண்டோஸ் இனி எழும்பாது என்றால், படிக்க மட்டும் திறந்து, வேண்டியதையெல்லாம் வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது அவ்வளவுதானே! வலுக்கட்டாயமாக எழுதும் வழிகளைச் சிலர் சொல்லித் தருவார்கள். பிரதி கையில் வரும் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். டிஸ்க்கின் பதிவேட்டிலேயே பழுது என்றால், பிரதி எடுத்தபின், விண்டோஸில் உள்ள செக்டிஸ்க் கொண்டு சரிசெய்வதே முறை. லினக்ஸில் உள்ள என்டிஎப்எஸ் சரிசெய்யும் கருவி சிறு முதலுதவிதான். முழு வைத்தியம் அல்ல. டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் எந்தச் சோதனையும் செய்யாமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகவல் மீட்பவரிடம் கொடுப்பது மேல்.

48 இலக்கச் சாவி

சில டிஸ்க்குகள் பிட்லாக்கர் என்ற பூட்டோடு இருக்கும். புதிய லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்ததுமே நாம் கேட்காமலே அந்தப் பூட்டு விழுந்திருக்கும். இதைத் திறக்க லினக்ஸாலும் முடியும்; ஆனால் சாவி வேண்டும். அந்தச் சாவி 48 இலக்க எண். விண்டோஸ் ஓடும்போதே அதைப் பார்த்துக் காகிதத்தில் எழுதி, இரும்புப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மைக்ரோசாப்ட் கணக்கிலும் அது சேமிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு எப்போதோ கடையில் இருந்து விலகிய பையனின் பெயரில் இருந்தால் என்ன செய்வோம்? சாவி இல்லாவிட்டால் எந்த வல்லுநராலும் திறக்க இயலாது. அதற்காகத்தானே பூட்டு!

விண்டோஸ் எழும்பாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் நின்றுவிட்டது, உள்ளே கணக்கு இருக்கிறது. லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவ் இருந்தால், அதைச் செருகி, கம்ப்யூட்டரில் எதையும் நிறுவாமலே லினக்ஸை ஓட்டலாம். 8 ஜிபி பென்டிரைவ் போதும். 'நிறுவாமல் முயன்று பார்' என்ற வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும். திறந்ததும் உள்ளே இருக்கும் டிஸ்க்கைச் சொடுக்கி, கணக்குப் போல்டரை வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கலாம்.

இதிலேயே ஒரு எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. இப்படித் திறக்கும்போது விண்டோஸ் பாஸ்வேர்ட் கேட்காது. பூட்டு இல்லாத டிஸ்க்கை, லினக்ஸ் பென்டிரைவ் வைத்திருக்கும் எவரும் படிக்கலாம் என்பதே இதன் பொருள். கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போதும், பழையதை விற்கும்போதும், வாடிக்கையாளர் கடன் விவரமும் வங்கி விவரமும் அதனுள் இருக்கின்றன என்பதை மறக்கலாகாது. விற்பதானால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு விற்பதே சிலாக்கியம்.

எதிர்ப்பக்க ஆபத்து: ஆடிட்டர் அலுவலகம்

பெரிய நஷ்டம் பெரும்பாலும் இந்தத் திசையில்தான் வருகிறது. நம் லினக்ஸ் டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால், அதற்கு இஎக்ஸ்டி4 பதிவேடு படிக்கத் தெரியாது. "எனக்குப் படிக்கத் தெரியவில்லை" என்று அது நேரே சொல்வதும் இல்லை. "இந்த டிஸ்க்கை உபயோகிக்கும் முன் பார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?" என்று கேட்கிறது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பருப்பு மொத்த வியாபாரி, இரண்டு வருடக் கணக்கு அடங்கிய டிஸ்க்கை ஆடிட்டரிடம் கொடுத்தனுப்பினார். அங்கிருந்த உதவியாளர், கேட்ட கேள்விக்கு 'சரி' என்று அழுத்திவிட்டார். அதன்பின் அதே டிஸ்க்கில் வேறு பைல்களையும் ஏற்றியிருக்கிறார். கொள்முதல் பில்களுக்காக, சரக்கு அனுப்பிய ஒவ்வொருவரிடமும் மறுபடி பிரதி கேட்டு அலைய வேண்டியதாயிற்று. உதவியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்ப்யூட்டர் கேட்டது, அவர் பதில் சொன்னார்.

ஆகவே வெளியே கொடுத்தனுப்பும் பென்டிரைவ் எப்போதும் எக்ஸ்பேட் முறையில் இருக்கட்டும். அதில் பிரதி மட்டும் போகட்டும்; மூலம் கடையை விட்டு நகர வேண்டாம். இஎக்ஸ்டி4 டிஸ்க்கின் மேல் "லினக்ஸ் - பார்மட் செய்யாதீர்" என்று ஒரு சீட்டு ஒட்டி வைப்பதில் செலவு ஒன்றுமில்லை. யாராவது தவறி பார்மட் செய்துவிட்டால் அதில் ஒரு பைலும் எழுதாமல் எடுத்து வைக்க வேண்டும். புதிதாக எழுதாத வரை மீட்க வாய்ப்பு உண்டு.

டிஸ்க் திறந்தது, கணக்கு திறக்கவில்லை

கிடங்கு திறப்பது வேறு, மூட்டையைப் பிரிப்பது வேறு. டேலி போன்ற சாப்ட்வேர் விண்டோஸுக்கென எழுதப்பட்டது. அதன் டேட்டா போல்டரை லினக்ஸில் பத்திரமாகப் பிரதி எடுக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் பேரேட்டைப் பார்க்க அந்த சாப்ட்வேர் வேண்டும். எனவே மாறுவதற்கு முன்பே, ஆண்டுவாரியாகப் பேரேடு, விற்பனை, கொள்முதல், இருப்பு எல்லாவற்றையும் பிடிஎப் ஆகவும் எக்ஸெல் ஆகவும் எடுத்து வைக்க வேண்டும். அவற்றை லினக்ஸில் லிப்ரே ஆபீஸ் திறக்கும்.

பழைய விலைப்பட்டியலைத் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியலாம். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துருவை ஏற்றினால் தமிழ் தெரியும்.

பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். லினக்ஸ் டிஸ்க்கில் பைல் பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி எல்லாம் வரலாம். விண்டோஸ் அவற்றை ஏற்காது. "10:30 கொள்முதல்" என்று பெயர் வைத்தால் ஆடிட்டரின் கம்ப்யூட்டரில் தொல்லை. எழுத்து, எண், சிறுகோடு இவற்றோடு நிறுத்திக்கொள்வது நலம்.

கழற்றும் முன்

பிரதி முடிந்தது என்று திரையில் காட்டினாலும், கடைசிப் பகுதி கம்ப்யூட்டரின் நினைவிலேயே தங்கியிருக்கக் கூடும். சிட்டையில் இருக்கிறது, பேரேட்டில் ஏறவில்லை. பெயருக்குப் பக்கத்தில் உள்ள 'எஜெக்ட்' அடையாளத்தைச் சொடுக்கி, "இனி கழற்றலாம்" என்று வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய பைல் என்றால் சில நிமிடங்கள்கூட ஆகலாம். எக்ஸ்பேட் பென்டிரைவை அவசரத்தில் பிடுங்கினால் சேதம் அதிகம்.

மாறுகிறவர்கள் செய்ய வேண்டிய வரிசை

1. விண்டோஸ் ஓடும்போதே கணக்குகளை பிடிஎப், எக்ஸெல் வடிவில் எடுக்க வேண்டும்.

2. பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்கச் சாவியை எழுதி வைக்க வேண்டும்.

3. முழுக் கணக்குப் போல்டரையும் இரண்டு வெளி டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, ஒன்றைக் கடையிலும் மற்றொன்றை வீட்டிலும் வைக்க வேண்டும்.

4. லினக்ஸ் பென்டிரைவில் ஓட்டி, அந்தப் பிரதிகளைத் திறந்து, நான்கைந்து பில்களையாவது கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

5. அதன்பின்தான் லினக்ஸை நிறுவ வேண்டும். முடிந்தால் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிய எஸ்எஸ்டி போட்டு நிறுவுவது உத்தமம்.

6. பழைய டிஸ்க்கை, சட்டம் சொல்லும் காலம் முடியும்வரை, ஆண்டு எழுதிய சீட்டோடு பத்திரப்படுத்த வேண்டும்.

நாம் சரக்கு வாங்கும்போது எடை போட்டுப் பார்த்த பிறகே பணம் எண்ணுகிறோம். கணக்கை இடம் மாற்றும்போதும் அதே வழக்கம் இருக்கட்டும்: முதலில் திறந்து பார்ப்போம், பிறகு பிரதி எடுப்போம், பிரதியைச் சரிபார்ப்போம், கடைசியில் எழுதுவோம். கம்ப்யூட்டர் "பார்மட் செய்யலாமா?" என்று கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லக் கடையில் உள்ள பிள்ளைகளுக்கும் இன்றே சொல்லி வைப்போம்.